ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்: போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான அவசரநிலைத் தடைகளும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேற்பார்வையும்

கொலம்பியாவின் காலி நகரத்தில் 'அமெரிக்கா தெ காலி' என்ற பழைய கால்பந்துக் கழகம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கருவூலத் துறை வெளியிடும் ஒரு பட்டியலில் 1999ஆம் ஆண்டு அந்தக் கழகத்தின் பெயர் ஏறியது. காலி நகரத்தின் போதைப்பொருள் கும்பலுடைய பணமும் செல்வாக்கும் கழகத்துக்குள் புகுந்திருந்தன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெயர் ஏறிய நாளிலிருந்து விளம்பரம் தர நிறுவனங்கள் அஞ்சின. வங்கிகள் கழகத்தின் கணக்கை ஏற்கத் தயங்கின. நாட்டின் புகழ்பெற்ற அணிகளில் ஒன்றான அது 2011ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் நிலைப் பிரிவுக்கு இறங்கியது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது 2013இல்தான்.

கழகத்தின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது எந்த நீதிமன்றமும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றம் அதன்மீது வாக்கெடுப்பு எதையும் நடத்தவில்லை. அதிபர் பில் கிளின்டன் 1995 அக்டோபர் 21 அன்று கையெழுத்திட்ட, 12978 என்ற எண் கொண்ட நிர்வாக ஆணையின் கீழ் கருவூலத் துறை அதிகாரிகள் தொகுத்த பட்டியல் அது. கொலம்பியர்கள் இன்றுவரை அதைக் 'கிளின்டன் பட்டியல்' என்றே சொல்கிறார்கள். அதன் பிறகு எத்தனையோ அதிபர்கள் மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரு நாட்டின் அதிபர், நீதிமன்ற விசாரணை இல்லாமல், இன்னொரு நாட்டில் வாழும் ஒருவரின் பொருளாதார வாழ்வை முடக்கும் அளவுக்கு அதிகாரம் பெறுவது எப்படி? அந்த அதிகாரத்தைக் கொடுத்த நாடாளுமன்றம் அதைக் கண்காணிப்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தொடக்கநிலை வாசகருக்குப் புரியும்படி விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். அதில் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவைகள் உண்டு. இந்தியாவில் அதே பெயருடைய கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முடக்கம் என்றால் என்ன

தடைப்பட்டியலில் ஒருவரது பெயர் ஏறினால், அமெரிக்காவின் அதிகார எல்லைக்குள் இருக்கும் அவருடைய சொத்துகள் அனைத்தும் முடக்கப்படும். முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. பறிமுதலில் சொத்து அரசுக்குப் போய்விடும். முடக்கத்தில் உரிமை அவரிடமே இருக்கும், ஆனால் விற்கவோ, மாற்றவோ, வங்கியிலிருந்து எடுக்கவோ முடியாது. வீட்டின் பத்திரம் உங்கள் பெயரில் இருக்க, சாவியை வேறொருவர் வைத்திருப்பதைப் போன்றது இது. பட்டியலில் உள்ளவர்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும், தனியாகப் பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும், முடக்கத்துக்குள் வந்துவிடும்.

அமெரிக்கக் குடிமக்களும் நிறுவனங்களும் வங்கிகளும் பட்டியலில் இருப்பவரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது. உலக வணிகத்தின் பெரும்பகுதி டாலரில் நடப்பதாலும், டாலர் பரிமாற்றங்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் அமெரிக்க வங்கியைத் தொட்டே செல்வதாலும், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வங்கிகளும் அந்தப் பெயரைக் கண்டாலே ஒதுங்கிக்கொள்கின்றன. வேண்டுமென்றே தடையை மீறுவோருக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். பட்டியலைப் பராமரிப்பது கருவூலத் துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்; கொரியப் போரின்போது, 1950இல், சீனாவின் சொத்துகளை முடக்குவதற்காக உருவான அலுவலகத்தின் வழித்தோன்றல் அது.

இப்படிப்பட்ட தடையை அதிபர் விதிப்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலின் பெயர் தேசிய அவசரநிலைப் பிரகடனம். இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1975ஆம் ஆண்டின் இந்தியா நினைவுக்கு வரும்: கைதுகள், பத்திரிகைத் தணிக்கை, ஒத்திவைக்கப்பட்ட தேர்தல்கள். அமெரிக்கச் சட்டத்தில் இச்சொல்லுக்கு அவ்வளவு பாரம் இல்லை. குறிப்பிட்ட ஒரு சட்டத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் குறிப்பிட்ட அதிகாரம் ஒன்றை எழுப்புவதற்கான திறவுகோலாகவே பிரகடனம் அங்கே பயன்படுகிறது. 40க்கும் மேற்பட்ட தேசிய அவசரநிலைகள் அந்நாட்டில் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருக்கின்றன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை பொருளாதாரத் தடைகளுக்காக அறிவிக்கப்பட்டவை. தெருவில் நடக்கும் சராசரி அமெரிக்கருக்கு அவற்றில் இரண்டைக்கூடப் பெயர் சொல்லத் தெரியாது.

மறந்துபோன நான்கு அவசரநிலைகள்

மேற்பார்வை எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அது எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இயலாது. ஆகவே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதல் உலகப் போரின்போது, 1917இல், எதிரி நாடுகளோடு வணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1933இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, போர் இல்லாத காலத்திலும் அதிபர் அவசரநிலை அறிவித்து அதைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. அப்போது ரூஸ்வெல்ட் வங்கி நெருக்கடிக்காக ஓர் அவசரநிலையை அறிவித்தார். 1950இல் ட்ரூமன் கொரியப் போருக்காக இன்னொன்றை அறிவித்தார். நிக்சன் 1970இல் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்துக்காகவும் 1971இல் பொருளாதார நெருக்கடிக்காகவும் இரண்டை அறிவித்தார். இவற்றில் எதையும் யாரும் முடித்துவைக்கவில்லை. 1968இல் அதிபர் ஜான்சன் அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாடுகளில் முதலீடு செய்வதைக் கட்டுப்படுத்தியபோது, அதற்குச் சட்ட ஆதாரமாகக் காட்டியது கொரியப் போருக்காக 18 ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட அவசரநிலையைத்தான். அந்தப் போரில் சண்டை நின்று 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் அதிபர் பதவியின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்த காலத்தில், செனட் இதை ஆராய ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க் சர்ச்சும் குடியரசுக் கட்சியின் சார்லஸ் மத்தியாஸும் இணைத் தலைவர்களாக இருந்த அக்குழு, அந்த நான்கு அவசரநிலைகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றும், அவற்றால் அதிபருக்கு ஏறத்தாழ 470 சட்டப் பிரிவுகளின் அதிகாரங்கள் திறந்துகிடக்கின்றன என்றும் 1973இல் அறிவித்தது. இதன் விளைவாக இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 1976ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டம். மற்றொன்று, 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரப் பொருளாதார அதிகாரச் சட்டம். முன்னது அவசரநிலை எப்படிப் பிறந்து எப்படி முடிய வேண்டும் என்று சொல்கிறது; பின்னது, பிறந்த அவசரநிலையைக் கொண்டு பொருளாதாரத் துறையில் என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறது. இனி இவற்றை 1976 சட்டம், 1977 சட்டம் என்றே குறிப்பிடுகிறேன்.

1977 சட்டத்தைப் பரிந்துரைத்த பிரதிநிதிகள் சபைக் குழு தன் அறிக்கையில் ஒரு கருத்தைத் தெளிவாக எழுதியது: அவசரநிலை என்பது இயல்பிலேயே அரிதானது, குறுகிய காலத்துக்குரியது, வழக்கமாகத் தொடர்ந்து இருந்துவரும் பிரச்சினைகளை அதற்கு நிகராக வைக்கக் கூடாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் கடத்தலைவிடத் தொடர்ந்து இருந்துவரும் பிரச்சினை வேறு எது இருக்க முடியும் என்பதுதான் இப்பொருளின் மையத்தில் இருக்கும் முரண்.

சட்டம் விதித்த கடமைகள்

1977 சட்டப்படி அதிபர் தடை விதிக்க வேண்டுமானால், அமெரிக்காவின் பாதுகாப்புக்கோ வெளியுறவுக் கொள்கைக்கோ பொருளாதாரத்துக்கோ வழக்கத்துக்கு மாறான, அசாதாரணமான அச்சுறுத்தல் ஒன்று இருக்கிறது என்றும், அது முழுமையாகவோ பெருமளவுக்கோ வெளிநாட்டிலிருந்து எழுகிறது என்றும் அறிவிக்க வேண்டும். கொலம்பியாவை மையமாகக் கொண்டு இயங்கும் பெரும் போதைப்பொருள் கடத்தல்காரர்கள் அப்படிப்பட்ட அச்சுறுத்தல் என்று கிளின்டன் 1995இல் அறிவித்தார். காலி கும்பலின் தலைவர்கள் நால்வரின் பெயர்கள் அந்த ஆணையின் இணைப்பிலேயே இடம்பெற்றன. ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) பரவி, அளவுக்கு மீறிய போதைப்பொருளால் அமெரிக்காவில் ஓராண்டில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிய 2021ஆம் ஆண்டில், டிசம்பர் 15 அன்று, அதிபர் ஜோ பைடன் உலகளாவிய போதைப்பொருள் வணிகம் முழுவதற்குமாக 14059 என்ற எண்ணில் இன்னோர் ஆணை பிறப்பித்தார். முதல் ஆணைக்குக் கொலம்பியா என்ற எல்லை இருந்தது. இரண்டாவதற்கு நாட்டெல்லை கிடையாது. போலி மாத்திரைகளை விற்றதாகக் குற்றம் சாட்டி, இந்தியாவில் இயங்கிய ஒரு வலையமைப்பைக் கருவூலத் துறை 2025 செப்டம்பரில் பட்டியலில் சேர்த்ததும் இந்த இரண்டாவது ஆணையின் கீழ்தான்.

அதிகாரத்தைக் கொடுத்த கையோடு காங்கிரஸ் சில கடமைகளையும் விதித்தது. இயன்ற போதெல்லாம் அதிபர் முன்கூட்டியே காங்கிரஸோடு கலந்தாலோசிக்க வேண்டும். அதிகாரத்தைப் பயன்படுத்தியவுடன், எந்தச் சூழலில், எந்த நாடுகளைக் குறித்து, என்ன செய்தேன், ஏன் அது தேவைப்பட்டது என்று விளக்கி அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தொடர் அறிக்கை வர வேண்டும். அந்த அவசரநிலைக்காக அரசு செலவிட்ட தொகை எவ்வளவு என்பதும் ஆறு மாதக் கணக்காகத் தெரிவிக்கப்பட வேண்டும். இவை தவிர, ஒவ்வோர் ஆண்டும் பிரகடனத்தின் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள், அவசரநிலை தொடர்கிறது என்ற அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டுக் காங்கிரஸுக்கும் அனுப்பினால்தான் அது நீடிக்கும். அனுப்பாவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். மறந்துபோன அவசரநிலைகள் என்ற பழைய நோய்க்கு 1976 சட்டம் கண்ட மருந்து இந்த ஆண்டுப் புதுப்பிப்பு. மருந்து வேலை செய்ததா என்றால், ஒரு வகையில் செய்தது: இப்போது எந்த அவசரநிலையும் மறக்கப்படுவதில்லை, நாட்காட்டி தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. 1979 நவம்பரில் ஈரானுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட முதல் பொருளாதார அவசரநிலை இன்னும் அப்படித்தான் வாழ்கிறது.

ஆறு மாத அறிக்கை எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. பிரதிநிதிகள் சபையின் அவைத்தலைவருக்கும், துணை அதிபர் வகிக்கும் பதவியான செனட் தலைவருக்கும் எழுதப்பட்ட சுருக்கமான கடிதம் ஒன்று முன்னால் இருக்கும். பின்னிணைப்பில், அந்த ஆறு மாதத்தில் விதிமுறைகளில் என்ன மாற்றம் செய்யப்பட்டது, புதிதாக யார் யார் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், யார் நீக்கப்பட்டார்கள், முடக்கத்துக்கு விலக்காக எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன, மீறலுக்காக யாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது போன்ற விவரங்கள் இருக்கும். உரிமம் என்று இங்கே சொல்வது, முடக்கப்பட்ட ஒருவர் தம் வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்துவது போன்ற குறிப்பிட்ட பரிவர்த்தனைக்கு அலுவலகம் தரும் அனுமதி. கடைசியில் செலவுக் கணக்கு. அதில் பெரும்பகுதி கருவூலம், வெளியுறவு, நீதி ஆகிய துறைகளின் ஊழியர்களுக்கான சம்பளம்தான். வந்து சேர்ந்த கடிதம் வெளியுறவு விவகாரக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, அவை ஆவணமாக அச்சிடப்படும். பெரும்பாலான நேரங்களில் அதன் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கடிவாளம் அறுந்த கதை

இவ்வளவு தகவலும் எதற்காக? படித்துப் பார்த்த காங்கிரஸுக்கு உடன்பாடு இல்லையென்றால் அவசரநிலையை முடித்துவைக்கலாம் என்பதற்காக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அவையும் கூடி, அவசரநிலையை முடிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்று 1976 சட்டம் சொல்கிறது. முதலில் எழுதப்பட்ட வடிவத்தில் அந்த முடிப்பு அதிகாரம் மிக வலுவானது: இரண்டு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேற்றினால் போதும், அதிபரின் கையெழுத்து தேவையில்லை.

இந்த ஏற்பாட்டை உடைத்தது, பொருளாதாரத் தடைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஜகதீஷ் ராய் சத்தா, மாணவர் விசாக் காலம் முடிந்த பிறகும் அமெரிக்காவில் தங்க அனுமதி பெற்றிருந்தார். பிரதிநிதிகள் சபை தனித்தீர்மானம் ஒன்றின் மூலம் அந்த அனுமதியை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அதிபரின் கையெழுத்துக்குச் செல்லாத தீர்மானத்தால் நாடாளுமன்றம் நிர்வாகத்தின் முடிவை மாற்றுவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1983இல் தீர்ப்பு வந்தது. ஒரு மாணவரின் குடியேற்ற வழக்கு, நூற்றுக்கணக்கான சட்டங்களில் எழுதப்பட்டிருந்த நாடாளுமன்றத் தடையதிகாரத்தை ஒரே நாளில் செல்லாக்காசாக்கியது. 1976 சட்டத்தில் இருந்ததும் அவற்றில் ஒன்று.

ஆகவே 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. இனி அவசரநிலையை முடிக்க வேண்டுமானால் கூட்டுத் தீர்மானம் வேண்டும். கூட்டுத் தீர்மானம் அதிபரின் கையெழுத்துக்குச் செல்ல வேண்டும். அவர் அதை வீட்டோ செய்யலாம், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பலாம். வீட்டோவை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். அவசரநிலையை அறிவித்தவரே அதை முடிக்கும் தீர்மானத்துக்கும் கையெழுத்திட வேண்டும் என்ற விசித்திரமான நிலை இது. 2019இல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தைச் செனட் 59க்கு 41 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த அவை அது. மறுநாளே அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் வீட்டோவை மீற 248 பேர் வாக்களித்தார்கள், 181 பேர் எதிர்த்தார்கள், தேவைப்பட்டதோ 286. காங்கிரஸின் தீர்மானத்தால் ஓர் அவசரநிலை உண்மையாகவே முடிவுக்கு வந்தது 2023 ஏப்ரலில், கோவிட் அவசரநிலையின்போது. அதுவும் பைடன் கையெழுத்திட இசைந்ததால்தான்.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இந்த அமைப்பின் வினோதம் இன்னும் தெளிவாகும். 1975இன் கசப்புக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, 352ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கப்படும் அவசரநிலைக்கு ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்புதல் தராவிட்டால் அது தானே இறந்துவிடும். தந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒப்புதல் வேண்டும். இந்திய அமைப்பில் நாடாளுமன்றத்தின் மௌனம் அவசரநிலையை முடித்துவைக்கும். அமெரிக்க அமைப்பில் அதே மௌனம் அவசரநிலையை வாழவைக்கும். இரண்டு அவசரநிலைகளின் கனமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆயினும் செயலற்று இருப்பதன் பலன் யாருக்குப் போகிறது என்ற கேள்வி, எந்த மேற்பார்வை முறையையும் எடைபோட உதவும் முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

போதைப்பொருள் தடைகளை யாரும் ஏன் எதிர்ப்பதில்லை

கொலம்பியக் கடத்தல்காரர்கள் தொடர்பான அவசரநிலையை முடித்துவைக்க காங்கிரஸ் ஒருபோதும் முனைந்து செயல்படவில்லை. காரணம் எளிது. போதைப்பொருள் கும்பலின் சொத்தை விடுவிக்க வாக்களித்தவர் என்ற பெயரோடு அடுத்த தேர்தலில் நிற்க எந்த உறுப்பினரும் விரும்ப மாட்டார். தடைகளால் பலன் கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலி கும்பலின் தலைவர்களான ரொத்ரிகெஸ் ஒரெஹுவேலா சகோதரர்கள் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, 2006இல் மயாமி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 ஆண்டுத் தண்டனை பெற்றபோது, அந்த உடன்பாட்டின் ஒரு பகுதியாக அவர்களுடைய உறவினர்கள் குடும்பத் தொழில்களை விட்டுக்கொடுக்க இசைந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது, கிளின்டன் பட்டியலிலிருந்து தங்கள் பெயர்கள் நீங்க வேண்டும் என்பது. சிறையைவிடப் பட்டியலுக்கு அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

ஆனால் அதே அதிகாரம் எல்லோருக்கும் பழக்கப்பட்ட பாதையிலிருந்து விலகும்போது, மேற்பார்வையின் எலும்புக்கூடு வெளியே தெரிகிறது. 2025 பிப்ரவரி 1 அன்று டிரம்ப், ஃபென்டனில் கடத்தலைக் காரணம் காட்டி, கனடா, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகளின் பொருட்கள்மீது 1977 சட்டத்தின் பெயரால் இறக்குமதி வரி விதித்தார். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான கருவி, நாடுகளின் மீது வரி போடும் கருவியாயிற்று. ஏப்ரல் 2 அன்று செனட், கனடா தொடர்பான அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தை 51க்கு 48 என்ற கணக்கில் நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் நால்வர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்தனர். 1976 சட்டப்படி இப்படிப்பட்ட தீர்மானத்தைக் குழு 15 நாட்காட்டி நாட்களுக்குள் அவைக்கு அனுப்பியாக வேண்டும். பிரதிநிதிகள் சபையின் தலைமையோ மார்ச் மாதத்திலேயே ஒரு விதியை நிறைவேற்றியிருந்தது: அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்கள், இந்தத் தீர்மானங்களைப் பொறுத்தவரை, நாட்காட்டி நாட்களாகக் கணக்கிடப்பட மாட்டா. சூரியன் உதித்தும் நாள் பிறக்காத அதிசயத்தை ஒரு நாடாளுமன்ற விதி நிகழ்த்திக் காட்டியது. வாக்கெடுப்பைச் சந்திக்க விரும்பாத சட்டமன்றம், தனக்குத் தரப்பட்ட மேற்பார்வை அதிகாரத்தைத் தானே பூட்டிவைக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. வரிகளின் சட்டச் செல்லுபடி குறித்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. நாடாளுமன்றம் கேட்கத் தயங்கிய கேள்வியை வணிகர்களும் மாநிலங்களும் நீதிமன்றத்தில் கேட்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, 14059ஆம் ஆணையின் கீழ், கொலம்பியாவின் பதவியில் இருந்த அதிபர் குஸ்தாவோ பெட்ரோவின் பெயரே பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒரு நட்பு நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பட்டியலில் சேர்ப்பதற்கும், ஒரு மருந்துக்கடை உரிமையாளரைச் சேர்ப்பதற்கும் சட்டம் கேட்கும் நடைமுறை ஒன்றேதான். காங்கிரஸின் முன்னனுமதி இரண்டுக்கும் தேவையில்லை.

காங்கிரஸ் தானே எழுதிய சட்டங்கள்

மேற்பார்வை என்றால் அவசரநிலையை முடிப்பது மட்டும்தான் என்று நினைத்தால் படம் முழுமையாகாது. கொலம்பியாவில் கிடைத்த அனுபவத்தைப் பார்த்த காங்கிரஸ், 1999 டிசம்பரில், வெளிநாட்டுப் போதைப்பொருள் தலைவர்களைப் பட்டியலிடும் சட்டத்தை இயற்றியது. 'கிங்பின் சட்டம்' என்று இதைச் சுருக்கமாக அழைப்பார்கள். உலகம் முழுவதற்கும் பொருந்தும் இச்சட்டத்துக்கு அவசரநிலைப் பிரகடனம் தேவையில்லை. ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் தேதிக்குள் அதிபர் முக்கியக் கடத்தல்காரர்களின் பெயர்களைக் காங்கிரஸின் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அது விதித்தது. முதல் பட்டியல் 2000ஆம் ஆண்டு 12 பெயர்களோடு வெளிவந்தது. தொடர்ந்து இருக்கும் பிரச்சினைக்கு நிரந்தரச் சட்டம் என்ற அளவில் இது 1977 குழு அறிக்கையின் மனப்போக்குக்கு நெருக்கமானது.

எனினும் நிரந்தரச் சட்டம் என்பதால் பாதிக்கப்பட்டவருக்கு வலி குறைந்துவிடவில்லை. மெக்சிகோவின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் ரஃபேல் மார்க்கெஸ் 2017இல் இச்சட்டத்தின் கீழ் பட்டியலில் சேர்க்கப்பட்டார். 2018 உலகக் கோப்பையில் அவர் விளையாடினார். ஆனால் விளம்பரதாரர்களின் சின்னம் பொறித்த பயிற்சிச் சட்டையைக்கூட அவர் அணிய முடியவில்லை. 2021இல் பெயர் நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரி மனு கொடுப்பதும், அது மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்வதும்தான் ஒருவருக்கு இருக்கும் வழிகள். நாடாளுமன்றக் குழுவுக்கு மனு எழுதினால் பெயர் நீங்கிவிடாது. நாடாளுமன்ற மேற்பார்வை பார்ப்பது முறை சரியாக நடக்கிறதா என்பதைத்தான்; தனித்தனி முடிவுகளை அது மறுபரிசீலிப்பதில்லை.

முறையைப் பார்க்கும் வேலையில் காங்கிரஸுக்குத் துணைநிற்பது அதன் தணிக்கைப் பிரிவான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம். கிங்பின் சட்டத்தைச் செயல்படுத்துவதில் பல்வேறு முகமைகள் செலவிட்ட தொகை குறித்துக் காங்கிரஸுக்குத் தரப்படும் விவரங்களை மேம்படுத்த வேண்டும் என்று கருவூலத் துறைக்கு அது 2019 டிசம்பரில் பரிந்துரைத்தது. மேற்பார்வையில் இப்படிப்பட்ட ஆர்ப்பாட்டமில்லாத தணிக்கையே அதிகம் சாதிக்கிறது என்பது என் கருத்து. தொலைக்காட்சி விளக்குகளின் கீழ் நடக்கும் விசாரணைக் கூட்டங்களில் கேள்விகளைவிடச் சொற்பொழிவுகளே மிகுதி.

2024 ஏப்ரல் 24 அன்று சட்டமான ஃபென்டனில் தடுப்புச் சட்டம் இன்னொரு கட்டம். உக்ரைனுக்கான உதவி நிதியும் அடங்கிய பெரிய தொகுப்பின் ஒரு பகுதியாக நிறைவேறிய அது, பைடனின் 2021ஆம் ஆண்டு ஆணைப்படி விதிக்கப்பட்ட தடைகளுக்குச் சட்டத்தின் அடித்தளத்தைக் கொடுத்தது. இதை இருவிதமாகப் படிக்கலாம். அதிபரின் ஆணையில் நின்ற ஒன்றை மக்கள் பிரதிநிதிகள் விவாதித்துத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது ஒன்று. அதிபர் வரைந்த கோட்டின்மேலேயே காங்கிரஸ் பேனாவை ஓட்டியது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. முதலாவதற்குச் சற்றுக் கூடுதல் எடை தருவேன், ஏனெனில் சட்டமாகிவிட்ட தடையை மாற்ற அடுத்த அதிபர் காங்கிரஸிடம் வந்துதான் ஆக வேண்டும்.

சீர்திருத்த முயற்சிகளும் இல்லாமல் இல்லை. அதிபர் அறிவிக்கும் அவசரநிலைக்கு 30 நாட்களுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் அது முடிய வேண்டும் என்று, ஏறத்தாழ இந்திய முறையை ஒத்த மசோதா ஒன்றைச் செனட்டர் மைக் லீ 2019இல் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, 1977 சட்டத்தின் கீழ் மட்டும் அறிவிக்கப்படும் அவசரநிலைகளுக்கு அந்த மசோதாவே விலக்கு அளித்திருந்தது என்பது. பொருளாதாரத் தடைகளைத் தொட்டால் இரு கட்சிகளிலும் ஆதரவு கரைந்துவிடும் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

இந்த ஆவணங்கள் இரகசியமானவை அல்ல. புதுப்பிப்பு அறிவிப்புகள் அரசிதழில் வெளிவருகின்றன. 1995 ஆணைக்கு அக்டோபரிலும் 2021 ஆணைக்கு டிசம்பரிலும் அவற்றை எதிர்பார்க்கலாம். அச்சுறுத்தல் இன்னும் வழக்கத்துக்கு மாறானதாகவும் அசாதாரணமாகவும் இருக்கிறது என்ற அதே சொற்றொடர் ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருவதை நீங்கள் காண்பீர்கள். ஆறு மாத அறிக்கை கைக்குக் கிடைத்தால், முன்னால் இருக்கும் கடிதத்தைத் தாண்டிப் பின்னிணைப்புக்குச் செல்லுங்கள். சேர்க்கப்பட்ட பெயர்களின் எண்ணிக்கையை நீக்கப்பட்ட பெயர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எத்தனை உரிமங்கள் கேட்கப்பட்டன, எத்தனை வழங்கப்பட்டன என்று பாருங்கள். பிறகு செலவுக் கணக்கைப் பாருங்கள். முடக்கத்தால் கடத்தல் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் வரி அதில் இருக்காது. அப்படியொரு வரியை எழுதும்படி 1976 சட்டமும் 1977 சட்டமும் கேட்கவில்லை.